வீட்டு மின்சாரம்: கனடாப் பொருளை எங்கள் பிளக்கில் போடலாமா?



கிராமங்களில் பெண்கள் குழுக்களுக்கு மின்சாதனப் பராமரிப்பு வகுப்பு எடுக்கப் போகும் இடங்களிலெல்லாம் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "வெளிநாட்டில இருந்து அண்ணா ஒரு சாமான் அனுப்பியிருக்கிறார். அதை எங்கட கரண்டில போடலாமோ?" சிலர் போடுவதற்கு முன் கேட்கிறார்கள். பலர் போட்டு, புகை வந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு சகோதரி. கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். கால்மிதி மெஷினில் தைத்துப் பிழைப்பவர். அவருக்கு ரொறன்ரோவில் இருக்கும் தமையன் கப்பலில் ஒரு மின்சாரத் தையல் மெஷின் அனுப்பினார். தட்டையான இரண்டு முள் கொண்ட பிளக் எங்கள் சுவரில் பொருந்தவில்லை. கடையில் ஒரு சின்ன அடப்ரர் வாங்கி மாட்டினார். பெடலை மிதித்ததும் மெஷின் பேய் பிடித்தது போல ஓடியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மணம் வந்து நின்றுவிட்டது. பாடசாலைச் சீருடை தைப்பதற்கு அவர் முற்பணம் வாங்கியிருந்த நேரம் அது. அதைவிடப் பெரிய துயரம், தமையனுக்கு அதை எப்படிச் சொல்வது என்பதுதான். "அண்ணா இரவு வேலை செய்து மிச்சம் பிடிச்சு அனுப்பினவர். எரிஞ்சு போச்செண்டு எந்த வாயால சொல்லுறது?" என்றார். மாதக்கணக்காக, "நல்லா ஓடுது அண்ணா" என்றே தொலைபேசியில் சொல்லி வந்திருக்கிறார்.

இது அவருடைய பிழையும் அல்ல, அனுப்பியவருடைய பிழையும் அல்ல. கனடாவில் கடைக்காரர் அதைச் சொல்லவில்லை. இங்கே அடப்ரர் விற்றவரும் சொல்லவில்லை. எனவே இந்த மாதம் அதை நாம் விளக்கமாகப் பார்ப்போம்.

வோல்ற் என்றால் என்ன?

இதை விளங்கிக்கொள்ள எங்கள் பெண்களுக்குப் புத்தகம் தேவையில்லை. 1990களில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை என்றிருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து செய்தி கேட்போம். அந்த டைனமோ 6 வோல்ற். நான்கு பற்றரி போடும் வானொலிக்கும் ஒன்றரை வோல்ற் வீதம் 6 வோல்ற்தான் வேண்டும். அதனால்தான் அது பொருந்தியது. மெதுவாக மிதித்தால் சத்தம் இறங்கும். கண்மண் தெரியாமல் மிதித்தால் சைக்கிள் பல்ப் பளிச்சென்று எரிந்து, பிறகு எரிந்தே போய்விடும்.

வோல்ற் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். கிணற்றடித் தண்ணீர்த் தாங்கி உயரத்தில் இருந்தால் குழாயில் தண்ணீர் வேகமாக வருமல்லவா, அதுபோல. ஒவ்வொரு சாதனமும் குறிப்பிட்ட ஓர் அழுத்தத்துக்கென்றே செய்யப்படுகிறது. குறைந்தால் வேலை செய்யாது. கூடினால் எரியும்.

இலங்கையில் எங்கள் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற். இது 6 வீதம் கூடலாம் அல்லது குறையலாம் என்பது விதி. அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுப் பிளக்கில் இருப்பது 120 வோல்ற். எங்களுடையதில் ஏறக்குறைய அரைவாசி. 1882இல் நியூயோர்க்கில் எடிசன் மின்சாரம் வழங்கத் தொடங்கியபோது 110 வோல்ற் அளவில்தான் வழங்கினார். அந்த வழக்கம் அங்கே நிலைத்துவிட்டது. ஐரோப்பாவும் அதன் வழியில் போன நாடுகளும் பின்னர் 220, 240 என்று கூட்டிக்கொண்டன. அழுத்தம் கூடினால் அதே வேலைக்கு மெல்லிய வயர் போதும் என்பது அதற்கு ஒரு காரணம்.

எந்த நாட்டுப் பொருள் எங்களுக்குப் பொருந்தும்?

வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

• பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, டென்மார்க்: 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பொருந்தும்.
• இந்தியா: 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பொருந்தும்.
• அவுஸ்திரேலியா: 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பொருந்தும்.
• குவைத், கட்டார், டுபாய்: 220 முதல் 240 வோல்ற் வரை, 50 ஹேர்ட்ஸ். பொருந்தும்.
• கனடா, அமெரிக்கா: 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். அப்படியே போட முடியாது.
• ஜப்பான்: 100 வோல்ற். அப்படியே போட முடியாது. அங்கிருந்து வரும் பாவித்த பொருட்களை வாங்குபவர்கள் கவனிக்கவும்.
• சவூதி அரேபியா: 60 ஹேர்ட்ஸ். பல வீடுகளில் நெடுங்காலம் 127 வோல்ற் இருந்தது. 2010இல் 230 வோல்ற்றுக்குப் படிப்படியாக மாறுவதென முடிவெடுத்தார்கள். எனவே ஒவ்வொரு பொருளையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

"பொருந்தும்" என்று நான் எழுதியது வோல்ற்றைப் பற்றி மட்டுமே. பிளக் வேறு விடயம்; அதற்குப் பின்னால் வருகிறேன். நாட்டின் பெயரை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். கனடாவில் வாங்கிய சில பொருட்கள் உலகம் முழுவதற்கும் ஏற்றதாகச் செய்யப்பட்டிருக்கும். சரியான பதில் பொருளின் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

ஒவ்வொரு மின்சாதனத்தின் அடியிலோ பின்பக்கத்திலோ ஒரு சிறிய தகடு அல்லது ஒட்டிய லேபல் இருக்கும். சார்ஜர் என்றால் அதன் உடம்பிலேயே பொடி எழுத்தில் இருக்கும். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் இதை வாசிக்கலாம். இலக்கத்துக்கு அடுத்துள்ள ஆங்கில எழுத்தைப் பாருங்கள்.

"வீ" என்ற எழுத்து இருந்தால் அது வோல்ற். "டபிள்யூ" இருந்தால் வாற்ஸ், அதாவது அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பது. "ஏ" இருந்தால் அம்பியர். "எச்"சும் "இசட்"டும் சேர்ந்திருந்தால் ஹேர்ட்ஸ். இதைப் பாடசாலையில் மீடிறன் என்று படித்திருப்பீர்கள்.

வோல்ற்றுக்கு முன்னால் மூன்று விதமாக எழுதியிருக்கலாம்.

ஒன்று, "100–240" என்று நீண்ட கோடு போட்டு எழுதியிருக்கும். இந்தப் பொருள் எந்த நாட்டிலும் வேலை செய்யும். கைத்தொலைபேசிச் சார்ஜர், மடிக்கணினிச் சார்ஜர் ஆகியவற்றில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இவற்றுக்குப் பிளக் அடப்ரர் மட்டும் போதும்.

இரண்டு, "220–240" அல்லது "230" என்று இருக்கும். எங்கள் நாட்டுக்கு ஏற்றது.

மூன்று, "120", "110", "115" அல்லது "100" என்று தனியாக இருக்கும். இதை எங்கள் பிளக்கில் நேரே போடக் கூடாது. எந்த அடப்ரர் மாட்டினாலும் போடக் கூடாது.

சில பழைய கணினிகளிலும் வேறு சில சாதனங்களிலும் பின்பக்கத்தில் சிறிய சிவப்பு ஆளி ஒன்று இருக்கும். "115" என்றும் "230" என்றும் தள்ளி மாற்றலாம். கனடாவிலிருந்து வந்ததாயின் அது 115இல்தான் இருக்கும். பிளக்கைச் செருகுமுன் 230 பக்கம் தள்ள வேண்டும். செருகிய பின் தள்ளுவதில் பயனில்லை.

சார்ஜர்களில் இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரி உள்ளே போகும் மின்சாரம், இரண்டாவது வெளியே வருவது. "வெளியே 5 வோல்ற்" என்பதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது உள்ளே போகும் வரியை.

அடப்ரர் வோல்ற்றை மாற்றாது

இதை வகுப்பில் மூன்று முறை சொல்வேன், இங்கும் சொல்கிறேன். கடையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கும் பிளக் அடப்ரர் முள்ளின் வடிவத்தை மட்டுமே மாற்றும். அதன் உள்ளே வெறும் பித்தளைத் தகடுகள்தான். உள்ளே போகும் 230 வோல்ற்தான் மறுபக்கமும் வரும்.

அப்படிப் போட்டால் என்ன நடக்கும்? 120 வோல்ற்றுக்கான 1000 வாற்ஸ் அயன்பொக்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை 230இல் போட்டால் இரண்டு மடங்கு அல்ல, மூன்றரை மடங்குக்கும் மேலாக, ஏறத்தாழ 3,670 வாற்ஸ் இழுக்கும். அழுத்தம் கூடும்போது மின்னோட்டமும் சேர்ந்து கூடுவதே காரணம். 8 அம்பியர் அளவில் ஓட வேண்டிய வயரில் 16 அம்பியர் ஓடும். நல்ல காலம் என்றால் உருகி (பியூஸ்) போகும். இல்லையென்றால் வயர் உருகும். ஓலைக் கூரையும் தற்காலிகக் கொட்டிலும் உள்ள இடத்தில் அதன் விளைவை நான் எழுதத் தேவையில்லை.

மறுபக்கமாக, எங்கள் 230 வோல்ற் ரைஸ் குக்கரைக் கனடாவுக்குக் கொண்டுபோனால் அது எரியாது. கால் பங்குச் சூடுதான் வரும். சோறு அவியாது, அவ்வளவுதான்.

ட்ரான்ஸ்போமர் வாங்கலாமா?

230 வோல்ற்றை 110 ஆகக் குறைக்கும் பெட்டிகள் நகரங்களில் மின்சாதனக் கடைகளில் கிடைக்கின்றன. இதைப் பாடத்தில் நிலைமாற்றி என்பார்கள். வாங்குமுன் நான்கு விடயங்களை யோசிக்க வேண்டும்.

முதலாவது அளவு. உங்கள் சாதனம் 300 வாற்ஸ் என்றால் 300க்கு வாங்கக் கூடாது. சூடாகும் சாமானுக்கு ஒன்றரை மடங்கு, மோட்டர் உள்ள சாமானுக்கு இரண்டு மூன்று மடங்கு கொள்ளளவு வேண்டும். மோட்டர் புறப்படும்போது அதிகமாக இழுக்கும். 1000 வாற்ஸ் அயன்பொக்ஸுக்கு ஏற்ற ட்ரான்ஸ்போமர் தூக்கவே பாரமானது. அதன் விலைக்கு இங்கேயே புது அயன்பொக்ஸ் வாங்கிவிடலாம்.

இரண்டாவது, ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைத்தான் மாற்றும். 60 ஹேர்ட்ஸ்ஸை 50 ஆக்காது. சூடாக்கும் பொருட்களுக்கும் சார்ஜர்களுக்கும் இதனால் பிரச்சினையில்லை. ஆனால் கனடாக் குளிர்சாதனப் பெட்டியும் மைக்ரோவேவ் அடுப்பும் 60 ஹேர்ட்ஸ்ஸுக்கென்று செய்தவை. 50இல் உள்ளே கூடுதலாகச் சூடேறிப் பழுதாகும். அவற்றைக் கொண்டுவர வேண்டாம். மின்விசிறி மெதுவாகச் சுழலும். பிளக்கில் ஓடும் பழைய மணிக்கூடு ஒரு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் பிந்தும்.

மூன்றாவது, பாவிக்காத நேரம் கழற்றி வையுங்கள். ட்ரான்ஸ்போமர் சும்மா இருந்தாலும் சூடாகும், மின்சாரம் குடிக்கும். 20 வாற்ஸ் வீணாக்கும் பெட்டி ஒன்று இரவு பகல் செருகியபடி இருந்தால் மாதத்துக்கு 14 யுனிற்றுக்கு மேல் போய்விடும். யுனிற் கூடக்கூட விலைப்படியும் கூடும் என்பது கரண்ட் பில் கட்டும் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான்காவது, பயணிகளுக்கென்று கையளவில் பாரமில்லாமல் விற்கும் "கொன்வேட்டர்" சில உண்டு. 1600 வாற்ஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கும். அவை தலைமுடி உலர்த்தி போன்ற சூடாகும் சாமான்களைச் சிறிது நேரம் ஓட்ட மட்டுமே. தையல் மெஷின், வானொலி, மருத்துவச் சாதனம் எதையும் அதில் போடக் கூடாது.

தையல் மெஷின் வைத்திருப்போருக்கு

கிளிநொச்சிச் சகோதரியின் மெஷினை நாங்கள் திறந்து பார்த்தோம். மோட்டர் வெளிப்பக்கத்தில் பெல்ற்றோடு பூட்டிய பழைய வகை. அதற்கு வழி இருந்தது. எங்கள் கடைகளில் கால்மிதி மெஷினுக்குப் பூட்டுவதற்காக 230 வோல்ற் மோட்டரும் பெடலும் சேர்த்து விற்கிறார்கள். அதை வாங்கிப் பூட்டியதும் மெஷின் ஓடியது. உள்ளே இருந்த சிறிய பல்ப்பும் 120 வோல்ற் என்பதால் அதையும் மாற்றினோம். பலர் பல்ப்பை மறந்துவிடுகிறார்கள்.

எனவே இப்படியான மெஷின் வந்தால் முதலில் மோட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெளியே தெரிந்தால் மாற்றலாம். தொழிற்சாலை மெஷின்களில் மேசைக்குக் கீழே மோட்டர் தனியாகத் தொங்கும். அதையும் மாற்றலாம். மோட்டர் உடம்புக்குள் மறைந்திருந்து, முன்னால் இலக்கத் திரையும் பொத்தான்களும் உள்ள மெஷின் என்றால் மோட்டரை மாற்றப் போகாதீர்கள். அதற்கு அளவான நல்ல ட்ரான்ஸ்போமர்தான் வழி.

ஏற்கெனவே எரிந்துவிட்டது என்றால் தூக்கி எறியவும் வேண்டாம், புது பியூஸ் போட்டு மறுபடி முயலவும் வேண்டாம். சில சாதனங்களில் உள்ளேயிருக்கும் பியூஸும் அதனருகே உள்ள ஒரு சிறிய பாதுகாப்பு உறுப்பும் மட்டுமே எரிந்து, மற்றையவை தப்பியிருக்கும். பழுது பார்ப்பவரிடம் "120 வோல்ற் சாமானை 230இல் போட்டது" என்று உள்ளதைச் சொல்லிக் கொடுங்கள். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியும்.

மருத்துவச் சாதனங்கள்

பிள்ளைகளுக்கு முட்டு வருத்தத்துக்காகப் புகை பிடிக்கும் நெபுலைசர் மெஷினைச் சிலர் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கிறார்கள். அதன் உள்ளே காற்றை அடிக்கும் சிறிய பம்பி இருக்கிறது. வோல்ற்றும் ஹேர்ட்ஸ்ஸும் இரண்டும் பொருந்தினால்தான் அது சரியான அளவில் காற்றைத் தள்ளும். கனடா மெஷின் ட்ரான்ஸ்போமரில் ஓடினாலும் காற்று குறையக்கூடும். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை மூச்சுத் திணறும்போது பரீட்சித்துப் பார்க்க முடியாது. ஆகவே நெபுலைசரும் ஒட்சிசன் கொடுக்கும் மெஷினும் இந்த நாட்டிலேயே வாங்குங்கள். வெளிநாட்டு உறவினர் உதவ விரும்பினால் காசாக அனுப்பச் சொல்லுங்கள்.

மின்சாரச் சக்கர நாற்காலி வேறு. அது பற்றரியில் ஓடுவது, பெரும்பாலும் 24 வோல்ற். கனடாவிலிருந்து வந்தாலும் நாற்காலிக்குக் கேடில்லை. சார்ஜரை மட்டும் பாருங்கள். 120 என்று தனியாக எழுதியிருந்தால் 230இல் ஓடும் வேறு சார்ஜர் வாங்க வேண்டும். வாங்கும்போது பற்றரியின் வோல்ற்றும் வகையும் பொருந்த வேண்டும். ஈயப் பற்றரிக்கு லிதியம் சார்ஜர் போடக் கூடாது.

பிளக்கும் எர்த் வயரும்

எங்கள் வீடுகளில் இரண்டு வகைப் பிளக் பொயின்ற் உண்டு. பழையது மூன்று உருண்டை முள், 5 அம்பியர் சிறிது, 15 அம்பியர் பெரிது. புதியது 13 அம்பியர் சதுர முள். நாட்டுக்கு இதுவே ஒரே நியமம் என 2016இல் தீர்மானிக்கப்பட்டது. லண்டன் சாமான்களில் இதே பிளக்தான் இருக்கும்.

பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வேச் சாமான்களில் இரண்டு தடித்த உருண்டை முள் இருக்கும். ஜேர்மனி, நோர்வேப் பிளக்கில் எர்த் தகடு பக்கவாட்டில் இருக்கிறது. அது எங்கள் பொயின்ற்றில் எதையும் தொடாது. கேத்தல், அயன்பொக்ஸ், ரைஸ் குக்கர் போன்ற உலோக உடம்பு உள்ள சாமானை அப்படிச் செருகினால் எர்த் இல்லாமலே ஓடும். உள்ளே வயர் விட்டுப்போனால் உடம்பு முழுவதும் கரண்ட் வரும். ஈரக்கையோடு சமையலறையில் நிற்பவர் யார்? நாங்கள்தான். எனவே இவற்றுக்கு அடப்ரர் மாட்டாமல், வயரிங் தெரிந்தவரைக் கொண்டு 13 அம்பியர் பிளக் பூட்டி, எர்த் வயரையும் சரியாகக் கட்டுங்கள். சுமார் 700 வாற்ஸ் வரையான சாமானுக்குப் பிளக்கின் உள்ளே 3 அம்பியர் உருகி, அதற்கு மேல் 13 அம்பியர் உருகி.

தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால் அந்தச் சாமானுக்கு எர்த் தேவையில்லை.

வயர் நிறத்திலும் கவனம் வேண்டும். எங்கள் பழைய வயரிங்கில் சிவப்பு உயிர் வயர், கறுப்பு நடுநிலை வயர். புதியதில் மண்ணிறம் உயிர், நீலம் நடுநிலை, பச்சை மஞ்சள் எர்த். ஆனால் கனடாச் சாமானின் உள்ளே கறுப்புத்தான் உயிர் வயர், வெள்ளை நடுநிலை. எங்கள் பழைய பழக்கத்தில் கறுப்பை நடுநிலை என்று கட்டினால் ஆளியை நிறுத்திய பின்னும் உள்ளே கரண்ட் நிற்கும். பிளக் மாற்றித் தரும் தம்பிமாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

தட்டை முள்ளைக் கண்டதும் கனடா என்று முடிவு செய்யவும் வேண்டாம். அவுஸ்திரேலியப் பிளக்கும் தட்டை முள்தான். ஆனால் இரண்டும் கூரை போலச் சரிந்திருக்கும்.

இரண்டு முள் பிளக்கைச் சதுரப் பொயின்ற்றில் செருகுவதற்காக மேல் ஓட்டைக்குள் பேனையோ ஈர்க்கோ குத்தித் திறக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் பேனைக்குப் பதிலாக ஆணி இருக்கும் ஒரு நாள் வரும். தயவுசெய்து நிறுத்துங்கள். பிரதான பெட்டியிலுள்ள ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் அது உங்களைக் காப்பாற்றாது.

அனுப்புமுன் என்ன கேட்க வேண்டும்?

வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் அன்போடு அனுப்புகிறார்கள். வேண்டாம் என்று சொல்வது கடினம். ஆனால் ஒரு படம் கேட்பதில் குறையொன்றும் இல்லை. நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் வசனம் இது: "அண்ணா, வாங்கமுந்தி அதின்ர பின்பக்கத்தில இருக்கிற லேபலை ஒருக்காப் படமெடுத்து அனுப்புங்கோ. எங்கட கரண்டுக்குச் சரியோ எண்டு பார்த்துச் சொல்லுறன்." படம் வந்ததும் மேலே சொன்ன மூன்று விதத்தில் எது என்று பாருங்கள்.

ரொறன்ரோ, நியூயோர்க் போன்ற நகரங்களில் தாய்நாட்டுக்கு அனுப்புவோருக்காகவே 220 வோல்ற் சாமான் விற்கும் கடைகள் உண்டு. அங்கே வாங்குவதாயின் "220–240 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்" என்று கேட்கச் சொல்லுங்கள். அங்குள்ள தமிழ்க் கடைகளில் இந்திய மிக்ஸி வாங்கி அனுப்ப நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். பெயர் இந்தியப் பெயராக இருந்தாலும் அங்கே விற்பது 110 வோல்ற்றுக்குச் செய்தது.

தொலைக்காட்சிப் பெட்டி 100–240 என்று இருந்தாலும், கனடாவின் ஒளிபரப்பு முறை வேறு என்பதால் எங்கள் அன்ரனாவில் அலைவரிசை பிடிக்காமல் போகலாம். கேபிள் அல்லது டிஷ் பெட்டியோடு இணைத்தால் படம் வரும்.

கப்பல் கூலி, அடப்ரர், ட்ரான்ஸ்போமர் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இங்கே கடையில் வாங்கினால் உத்தரவாதமும் இருக்கும், பழுதானால் கொண்டுபோகவும் இடம் இருக்கும். வெளிநாட்டு உத்தரவாதம் இங்கே பெரும்பாலும் செல்லாது. பல வேளைகளில் காசாக அனுப்புவதே இரு பக்கத்துக்கும் இலாபம். வேலை முடிந்து வளைகுடாவிலிருந்து திரும்பும் சகோதரிகள் கட்டுநாயக்காவில் வருகைப் பகுதியிலுள்ள தீர்வையற்ற கடைகளில் வாங்கும்போதும் ஒருமுறை தகட்டைப் பாருங்கள்.

வாசகியர் கேட்டவை

தமிழ்நாட்டு முகாமிலிருந்து ஊர் திரும்பும்போது கிரைண்டர் கொண்டுவரலாமா? – மன்னார் வாசகி.
தாராளமாகக் கொண்டுவாருங்கள். இந்தியாவிலும் எங்களிடமும் ஒரே வோல்ற், ஒரே ஹேர்ட்ஸ். அங்குள்ள உருண்டை முள்ளும் எங்கள் பழைய பொயின்ற்றுக்குப் பொருந்தும். புதிய சதுரப் பொயின்ற் என்றால் பிளக்கை மாற்றுங்கள்.

எங்கள் வீட்டுக்கு மாமி வீட்டிலிருந்து நீண்ட வயர் இழுத்திருக்கிறோம். ரைஸ் குக்கர் அவிக்க நேரம் எடுக்கிறது. குக்கர் பழுதா? – முல்லைத்தீவு வாசகி.
குக்கர் பழுதாக இருக்காது. மெல்லிய நீள வயரில் வோல்ற் வழியிலேயே குறைந்துவிடும். வயரைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் அது ஆபத்து. அந்த வயரில் பல்ப்பும் தொலைபேசிச் சார்ஜரும் மட்டும் பாவியுங்கள். குக்கரை மாமி வீட்டிலேயே வைத்துச் சமையுங்கள். உங்கள் பெயரில் தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள்.

சகோதரிகளே, லேபலை வாசிப்பதற்கு எலக்ரீசியனாக இருக்கத் தேவையில்லை. வீட்டில் ஆண் துணை இல்லை, யாரைக் கேட்பது என்று பலர் தயங்குகிறீர்கள். இலக்கத்தைப் பார்க்கத் தெரிந்தால் போதும். பார்த்த பின் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் காட்டிக் கொடுங்கள்.

அந்தக் கிளிநொச்சிச் சகோதரி பிறகு தமையனுக்கு உண்மையைச் சொன்னார். அவர் கோபிக்கவில்லை. "எனக்கும் தெரியாதடி" என்றாராம். இப்போது ரொறன்ரோவில் யார் ஊருக்குப் பெட்டி கட்டினாலும், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்பவர் அவர்தானாம்.

அடுத்த இதழில் மழைக்கால இடியும் மின்னலும் வரும்போது வீட்டு மின்சாதனங்களைப் பாதுகாப்பது பற்றிப் பார்ப்போம். உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள். வணக்கம்.